மெர்க்கல் சான்சலர் ஆனது லக்கா, கோல் போட்ட பிச்சையா, இல்ல வேற ஏதாவதா?

கேள்வி இதுதான்: 35 வயசு வரைக்கும் அரசியல் பக்கமே எட்டிப் பாக்காத ஒரு கிழக்கு ஜெர்மனி விஞ்ஞானி, கட்சி ஆபீஸ் வாசல்ல கால் வச்சு 16 வருஷத்துக்குள்ள எப்படி ஜெர்மனியோட சான்சலர், அதாவது நம்ம ஊர் பிரதமர் மாதிரி, ஆனாங்க, அது சும்மா லக்கா, இல்ல முன்னாடி சான்சலரா இருந்த ஹெல்முட் கோல் கையைப் பிடிச்சு தூக்கி விட்டதாலயா?

ரெண்டும் கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா லக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா, ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணான அதே 1990ல அதே கிழக்குலேர்ந்து அதே மாதிரி மளமளன்னு மேல வந்தவங்க பத்து பேரு இருந்தாங்க, அதுல முக்கால்வாசி பேரு நாலஞ்சு வருஷத்துல ஆளையே காணோம். கோல் தூக்கி விட்டதால மட்டும்னா, அவரு தூக்கி விட்டவங்க லிஸ்ட் இன்னும் பெருசு. என்னோட கணக்கு வேற. ஏஞ்சலா மெர்க்கலுக்கு கட்சிக்குள்ள சொந்தமா கோஷ்டியே கிடையாது. ஆரம்பத்துல அதனாலதான் எல்லாரும் பயமில்லாம பதவி குடுத்தாங்க, பின்னாடி கட்சி நாறிப் போனப்போ அதனாலதான் அந்தம்மா மேல மட்டும் சேறு ஒட்டல. 1999 டிசம்பர் வரைக்கும் மத்தவங்க விழுந்த இடத்துல இவங்க நின்னாங்க, அதுக்கப்புறம் தள்ளி விடவும் கத்துக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல மெர்க்கல்னா சூப்பர்மார்க்கெட்ல ட்ராலி தள்ளிக்கிட்டு போற போட்டோவும், எளிமையின் சிகரம்னு வாட்ஸ்அப்ல சுத்துற மெசேஜும்தான். எளிமை உண்மைதான். ஆனா எளிமையா இருந்தா சான்சலர் ஆக முடியும்னா ஜெர்மனியில பாதிப் பேரு ஆயிருக்கணும். இது கட்சிக்குள்ள நாற்காலி நாற்காலியா பிடிச்ச கதை, அதை அப்படியே சொல்றேன்.

ஆரம்ப காலத்தை வேகமா தாண்டிடலாம். 1954 ஜூலை 17, பிறந்தது மேற்குல, ஹாம்பர்க்ல. அப்பா ஹோர்ஸ்ட் காஸ்னர், லூத்தரன் பாதிரியார். எல்லாரும் கிழக்குலேர்ந்து மேற்குக்கு ஓடிக்கிட்டு இருந்த நேரத்துல இவரு கைக்குழந்தையோட குடும்பத்தை மேற்குலேர்ந்து கிழக்குக்கு கூட்டிட்டு போனாரு, அங்க சபைக்கு ஆள் வேணும்னு. டெம்ப்ளின்ங்கிற சின்ன ஊர்ல வளர்ந்தாங்க. அம்மா இங்கிலீஷ், லத்தீன் டீச்சர், ஆனா பாதிரியார் பொண்டாட்டிங்கிறதால கம்யூனிஸ்ட் அரசாங்கத்துல பள்ளிக்கூட வேலை கிடையாது. அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு சின்ன வயசுலேயே ஒண்ணு பழகிடும்: வீட்ல பேசுறது வேற, வெளிய பேசுறது வேற. படிப்புல படு சுட்டி, ரஷ்ய மொழிப் போட்டியில ஜெயிச்சு மாஸ்கோ வரைக்கும் போயிட்டு வந்தவங்க. லைப்சிக்ல இயற்பியல், அப்புறம் கிழக்கு பெர்லின் அறிவியல் அகாடமியில ஆராய்ச்சி, 1986ல டாக்டர் பட்டம். நடுவுல உல்ரிக் மெர்க்கல்னு கூடப் படிச்சவரைக் கல்யாணம் பண்ணி 1982ல விவாகரத்து, பேரு மட்டும் தங்கிடுச்சு.

இல்மெனாவ்ங்கிற ஊர் காலேஜுக்கு வேலை கேட்டுப் போனப்போ ரகசிய போலீஸ் ஸ்டாசி ஆளுங்க வந்து எங்களுக்கு தகவல் குடுக்கிறியான்னு கேட்டிருக்காங்க, அந்தம்மா "எனக்கு வாய் சும்மா இருக்காது, எல்லார்கிட்டயும் உளறிடுவேன்"ங்கிற மாதிரி சொல்லி நழுவிட்டாங்க. வேலையும் கிடைக்கல. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா 1990க்கு அப்புறம் கிழக்குத் தலைவருங்க ஒவ்வொருத்தரோட ஸ்டாசி ஃபைலும் வெளிய வந்து தலை உருண்டப்போ இந்த நழுவலோட மதிப்பு தெரிஞ்சுது.

1989 நவம்பர் 9, பெர்லின் சுவர் திறந்த ராத்திரி. உலகமே டிவி முன்னாடி. மெர்க்கலுக்கு அன்னிக்கு வியாழக்கிழமை, வியாழக்கிழமைன்னா ஃப்ரெண்டோட சானா குளியலுக்குப் போற நாள். போயிட்டுத்தான் வந்தாங்க. அப்புறம் கூட்டத்தோட கூட்டமா போர்ன்ஹோல்மர் பாலத்தைத் தாண்டி மேற்கு பக்கம் போய் முன்பின் தெரியாத ஒரு வீட்ல பீர் குடிச்சிட்டு, மறுநாள் காலையில வேலைக்குப் போகணுமேன்னு திரும்பி வந்துட்டாங்க. இதை நிறைய பேரு கிண்டலா சொல்வாங்க, எனக்கு அது அவங்க குணத்தை அப்படியே காட்டுற மாதிரி இருக்கும், ஊரே குதிச்சாலும் அந்தம்மா குதிக்க மாட்டாங்க, ஆனா வீட்லயும் உக்காந்திருக்க மாட்டாங்க.

அடுத்த மாசமே ஜனநாயக எழுச்சின்னு புதுசா முளைச்ச சின்னக் கட்சி ஆபீஸுக்குப் போய் நின்னாங்க. அங்க மேற்குலேர்ந்து வந்த கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் பிரிக்காம கிடந்துச்சாம், அதைப் பிரிச்சு செட் பண்ணிக் குடுத்ததுதான் முதல் கட்சிப் பணி. ரெண்டு மாசத்துல கட்சியோட பத்திரிகைத் தொடர்பாளர். கட்சித் தலைவர் வொல்ஃப்காங் ஷ்னூர், வக்கீல், எதிர்ப்பாளர்களுக்கு எல்லாம் கேஸ் நடத்தினவரு, பெரிய ஹீரோ. 1990 மார்ச் 18 தேர்தல், அதுக்கு சில நாள் முன்னாடி ஷ்னூர் ஸ்டாசி உளவாளின்னு அம்பலமாச்சு. கட்சி வாங்கின ஓட்டு 0.9 சதவீதம். நம்ம பாஷையில சொன்னா டெபாசிட் காலி. அங்கயே கதை முடிஞ்சிருக்கணும்.

முடியல, ஏன்னா இந்தக் கட்சி கிழக்கு சிடியுவோட கூட்டணி வச்சிருந்துச்சு, அந்தக் கூட்டணி அமோகமா ஜெயிச்சுது. சிடியுன்னா கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, மேற்குல கோலோட கட்சியும் அதுதான். கிழக்கு ஜெர்மனியோட கடைசிப் பிரதமரா வந்த லோத்தார் டி மெசியேருக்கு கூட்டணிக் கட்சிக்கும் ஏதாவது குடுக்கணுமே, மெர்க்கலை அரசாங்கத் துணைச் செய்தித் தொடர்பாளரா போட்டாரு. சின்னப் பதவிதான், ஆனா ஜெர்மனி ஒண்ணாகிற பேச்சுவார்த்தை நடந்த ஆறு மாசமும் பிரதமர் அறைக்கு வெளிய நின்ன ஆள் இவங்க. மாஸ்கோவுல ஒப்பந்தம் கையெழுத்தானப்போ போன குழுவுலயும் இருந்தாங்க, ரஷ்ய மொழி வேற தெரியும்.

1990 ஆகஸ்ட்ல அந்தச் சின்னக் கட்சி சிடியுவுக்குள்ள கரைஞ்சு போச்சு. டிசம்பர்ல ஒன்றுபட்ட ஜெர்மனியோட முதல் தேர்தல், வடக்குக் கடலோரம் ஷ்ட்ரால்ஸுண்ட், ரூகன் தீவு சேர்ந்த தொகுதியில சீட் வாங்கினாங்க, அந்த மாநிலத்து சிடியு தலைவர் குந்தர் க்ராவுசேயோட ஆதரவு இருந்துச்சு. அந்தப் பிரச்சார நேரத்துல எடுத்த போட்டோ ஒண்ணு ரொம்ப ஃபேமஸ். 1990 நவம்பர், ரூகன் தீவுல லோப்பங்கிற ஊர்ல மீனவர் குடிசை உள்ளே. ஜன்னல்லேர்ந்து வர்ற மங்கலான வெளிச்சம், வேலை உடுப்போட நாலஞ்சு மீனவங்க, அவங்க நடுவுல ஓரமா உக்காந்திருக்கிற 36 வயசுப் பொண்ணு. கையை ஆட்டிப் பேசல, போஸ் குடுக்கல, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அந்தத் தொகுதியை அன்னிக்குப் பிடிச்சவங்க 2017 வரைக்கும் எட்டு தேர்தல்லயும் விடவே இல்ல.

இப்போ கோல். 1991 ஜனவரியில அமைச்சரவை போடுறாரு. அவருக்கு கிழக்குக்காரங்க வேணும், பொம்பளைங்க வேணும், புரொட்டஸ்டன்ட் ஆள் வேணும், மூணும் ஒரே ஆள்ல கிடைச்சா இன்னும் நல்லது. ஒரு பெரிய அமைச்சகத்தை மூணா உடைச்சு, அதுல பெண்கள் இளைஞர் நலன்ங்கிற துண்டை மெர்க்கலுக்குக் குடுத்தாரு. மூணுல அதுதான் ரொம்ப டம்மி. பத்திரிகையில "கோலோட பொண்ணு"ன்னு பேர் வச்சாங்க, அந்தப் பேரு அந்தம்மாவுக்கு எரிச்சல்தான், ஆனா பத்து வருஷம் அதைக் காட்டிக்கவே இல்ல.

இங்கதான் நான் மேல சொன்ன லிஸ்ட்டைப் பாக்கணும். ஷ்னூர் ஏற்கனவே காலி. டி மெசியேர் மேலயும் ஸ்டாசி குற்றச்சாட்டு வந்து 1991ல ஒதுங்கினாரு, அவரு வச்சிருந்த கட்சித் துணைத் தலைவர் பதவி மெர்க்கலுக்கு. க்ராவுசே மத்திய அமைச்சரா இருந்து வரிசையா சர்ச்சையில மாட்டி 1993ல ராஜினாமா, அவரு வச்சிருந்த மெக்லென்பர்க் மாநிலக் கட்சித் தலைவர் பதவியும் மெர்க்கலுக்கு. அவங்களுக்கு உதவி பண்ணின ஒவ்வொருத்தரும் விழுறாங்க, ஒவ்வொரு தடவையும் நாற்காலி இவங்க பக்கமா நகருது. நடுவுல 1991ல பிராண்டன்பர்க் மாநிலக் கட்சித் தலைவர் பதவிக்கு நேரடியா போட்டி போட்டு தோத்தாங்க, அதையும் சொல்லணும். முட்டி மோதினா தோல்வி, காலியான இடத்துல போய் உக்காந்தா வெற்றின்னு அப்பவே புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

1994ல சுற்றுச்சூழல் அமைச்சர். வந்த கொஞ்ச நாள்லயே, அந்த அமைச்சகத்தையே தன் கைக்குள்ள வச்சிருந்த சீனியர் செயலாளரைத் தூக்கிட்டாங்க, அதுவரைக்கும் சாதுன்னு நினைச்சவங்க எல்லாம் லேசா நிமிர்ந்து உக்காந்தாங்க. 1995ல பெர்லின்ல நடந்த முதல் ஐநா பருவநிலை மாநாட்டுக்கு இவங்கதான் தலைவர், பின்னாடி கியோட்டோ ஒப்பந்தத்துக்கு வழி போட்ட முடிவு அங்க எடுத்ததுதான். ஆனா கட்சிக்குள்ள இதுக்கெல்லாம் மார்க் கிடையாது.

ஏன்னு புரியணும்னா ஜெர்மனி சிஸ்டம் கொஞ்சம் தெரியணும். சான்சலரை மக்கள் நேரா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிறதில்ல, நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். தேர்தலுக்கு முன்னாடியே ஒவ்வொரு பெரிய கட்சியும் எங்க வேட்பாளர் இவருதான்னு அறிவிச்சிடும். சிடியு பவேரியா மாநிலத்துல போட்டியே போடாது, அங்க தங்கச்சி கட்சி சிஎஸ்யு மட்டும்தான், ரெண்டும் சேர்ந்து ஒரே வேட்பாளர். ஆக அந்த இடத்துக்கு வரணும்னா கட்சித் தலைவர் பதவி, நாடாளுமன்றக் கட்சித் தலைவர் பதவி, சிஎஸ்யு சம்மதம், இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு கையில இருக்கணும். இதுக்கெல்லாம் மேல மாநில முதல்வருங்க, அவனவன் மாநிலத்துல குட்டி ராஜா, பின்னாடி தனிப் படை. மெர்க்கலுக்கு படையும் இல்ல, மாநிலமும் இல்ல.

அந்தக் குட்டி ராஜாக்கள்ல பல பேருக்கு ரகசிய சங்கம் ஒண்ணு வேற இருந்துச்சு. கட்டுக்கதை மாதிரி இருக்கும், ஆனா நிஜம். 1979 ஜூலையில சிடியு இளைஞர் அணிக்காரங்க கொஞ்ச பேரு தென் அமெரிக்காவுல டூர் போறாங்க, கராகஸ்லேர்ந்து சாண்டியாகோ போற நைட் ஃப்ளைட்ல விஸ்கி அடிச்சிட்டு ஒரு ஒப்பந்தம் எழுதுறாங்க: நாம யாரும் ஒருத்தரை எதிர்த்து ஒருத்தர் போட்டி போடக் கூடாது, ஒருத்தரை ஒருத்தர் ராஜினாமா பண்ணுன்னு வெளிய சொல்லக் கூடாது. ஆண்டிஸ் மலை மேல பறந்தப்போ போட்டதால ஆண்டிஸ் ஒப்பந்தம்னு பேரு. தமாஷா ஆரம்பிச்சது சீரியஸாகி, கிறிஸ்டியன் வுல்ஃப், பீட்டர் முல்லர், குந்தர் ஓட்டிங்கர், பின்னாடி ரோலண்ட் கோஹ், ஃப்ரீட்ரிக் மெர்ஸ்னு அடுத்த தலைமுறை தலைங்க எல்லாம் அதுக்குள்ள. எல்லாம் மேற்குக்காரங்க, எல்லாம் ஆம்பளைங்க. 2003ல பத்திரிகையில வர்ற வரைக்கும் வெளியுலகத்துக்குத் தெரியாது. அவங்க பார்வையில மெர்க்கல் ரெண்டு வருஷத்துக்கு சீட்டைச் சூடா வச்சிருக்க வந்த ஆள்.

1998 செப்டம்பர்ல கோல் 16 வருஷ ஆட்சிக்கப்புறம் தோத்தாரு. எதிர்க்கட்சியான எஸ்பிடி, அதாவது சமூக ஜனநாயகக் கட்சியோட கெர்ஹார்ட் ஷ்ரோடர் சான்சலர். சிடியு தலைவரா வொல்ஃப்காங் ஷாய்ப்ள வந்தாரு, மெர்க்கலைப் பொதுச் செயலாளரா எடுத்துக்கிட்டாரு. கோலுக்கு கௌரவத் தலைவர் பட்டம்.

இப்போ 1999 நவம்பர். கட்சியோட முன்னாள் பொருளாளர் மேல வரி ஏய்ப்பு வழக்குல வாரண்ட். கார்ல்ஹைன்ஸ் ஷ்ரைபர்ங்கிற ஆயுத வியாபாரி 1991ல பத்து லட்சம் மார்க்கை (ஜெர்மனியோட அப்போதைய பணம்) ரொக்கமா குடுத்தது வெளிய வருது. நூல் பிடிச்சு போகப் போக கட்சிக்கு கணக்குல வராத ரகசிய அக்கவுண்ட்டே இருக்கிறது தெரிய வருது. டிசம்பர் 16 டிவியில வந்து கோல் ஒத்துக்கிறாரு, ஆமா பதினஞ்சு லட்சத்துலேர்ந்து இருபது லட்சம் மார்க் வரைக்கும் கணக்குல காட்டாம நன்கொடை வாங்கினேன், யார் குடுத்ததுன்னு சொல்ல மாட்டேன், வாக்கு குடுத்துட்டேன்னு. சட்டத்தை விட என் வாக்கு பெருசுங்கிறாரு, 16 வருஷம் நாட்டை ஆண்ட மனுஷன். கட்சியில எவனும் வாயைத் திறக்கல. ஏன்னா பாதிப் பேரு அவரால வந்தவங்க, மீதிப் பேரு என்னென்ன வெளிய வருமோன்னு பயத்துல இருக்காங்க.

டிசம்பர் 22, ஃப்ராங்க்ஃபர்ட்டர் ஆல்கமைன பத்திரிகையில ஒரு கட்டுரை, எழுதினது பொதுச் செயலாளர் மெர்க்கல். கோல் நடந்துக்கிட்ட விதம் கட்சிக்குக் கேடு பண்ணிடுச்சு, கட்சி இனிமே தானா நடக்கக் கத்துக்கணும், தன்னை கிழட்டுப் போர்க்குதிரைன்னு சொல்லிக்க விரும்புற அந்தப் பெரியவர் இல்லாமலே எதிராளிகளோட மோதத் துணியணும், வயசுக்கு வந்த பிள்ளை வீட்டை விட்டுப் போற மாதிரி தன் வழியில போகணும்னு பச்சையா எழுதிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் முன்னாடி. எல்லாரும் இதுல இருக்கிற தைரியத்தைத்தான் பேசுவாங்க, நான் பாக்கிறது வேற இடம்: தன் நேரடித் தலைவர் ஷாய்ப்ளகிட்ட கூட சொல்லாம அனுப்பினாங்க. சொல்லியிருந்தா அவரு வேணாம்னு சொல்லியிருப்பாரு, மீறிப் பண்ணியிருந்தா அது துரோகம். சொல்லாததால, அவரு பத்திரிகையைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் பண்ண முடியாம, நியாயமா அவரு எழுதியிருக்க வேண்டியதை செக்ரட்டரி எழுதிட்டாங்கன்னு ஊரே பேச உக்காந்திருந்தாரு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ரெண்டாவது மாங்காவுக்கும் குறி வச்சாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் விவாதம் ஓடுது, என்னைக் கேட்டா அந்தம்மா யோசிக்காம ஒரு வரி எழுத மாட்டாங்க.

ஜனவரியில ஷாய்ப்ளவே மாட்டினாரு, அதே ஷ்ரைபர்கிட்ட 1994ல ஒரு லட்சம் மார்க் ரொக்கம் வாங்கினதா ஒத்துக்க வேண்டி வந்துச்சு, அதுக்கு முன்னாடி நாடாளுமன்றத்துல வேற மாதிரி பேசியிருந்தாரு. பிப்ரவரி நடுவுல நான் மறுபடி நிக்கலன்னுட்டாரு. கோல் கௌரவத் தலைவர் பட்டத்தை ஜனவரியிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு. இப்போ வேற யாரு இருக்கா? ரோலண்ட் கோஹ் கெட்டிக்காரர், ஹெஸ்ஸன் முதல்வர், ஆனா அவரு மாநிலக் கட்சியே கோடிக்கணக்குல பணத்தை வெளிநாட்டுல பதுக்கி வச்சு, யூதர்கள் உயில் எழுதி வச்சிட்டுப் போன சொத்துன்னு பொய்க்கணக்கு எழுதினது அம்பலமாகி நாறிக்கிட்டு இருந்துச்சு. ஃபோல்கர் ரூஹ வடக்கு மாநிலத்துத் தேர்தல்ல நின்னு பிப்ரவரி கடைசியில தோத்தாரு. அந்த நேரத்துல கட்சி ஊர் ஊரா மண்டலக் கூட்டம் போட்டுச்சு, அங்க வந்தது சாதாரணத் தொண்டருங்க, பக்கத்து வீட்டுக்காரன் கேக்கிற கேள்விக்கு பதில் சொல்ல முடியாம தலைகுனிஞ்சு கிடந்தவங்க. மெர்க்கல் மேடை ஏறினா எழுந்து நின்னு கை தட்டினாங்க. மேல இருக்கிற ராஜாக்கள் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கீழேர்ந்து அலை வந்துருச்சு. 2000 ஏப்ரல் 10, எஸ்ஸன் மாநாட்டுல கிட்டத்தட்ட 96 சதவீத ஓட்டோட கட்சித் தலைவர்.

சரி தலைவராயாச்சு, கதை முடிஞ்சுதான்னா இல்ல, அடுத்த ரெண்டு வருஷம் செம அடி. நாடாளுமன்றக் கட்சித் தலைவர் பதவி மெர்ஸ் கையில, பேச்சுல மனுஷன் பின்னிடுவாரு, இவங்க பக்கத்துல மைக்கைப் பிடிச்சா தூக்கம் வரும். 2001 ஜனவரியில ஷ்ரோடரை போலீஸ் ஸ்டேஷன் குற்றவாளி போட்டோ மாதிரி போட்டு போஸ்டர் வெளியிட்டாங்க, எல்லா பக்கத்துலேர்ந்தும் திட்டு விழுந்து மறுநாளே வாபஸ். தலைமைக்கு லாயக்கில்லன்னு வெளிப்படையாவே பேச ஆரம்பிச்சாங்க.

2002 தேர்தலுக்கு யார் வேட்பாளர்? ஜனவரி முதல் வாரம் மெர்க்கல் நான் தயார்னு பேட்டி குடுத்தாங்க. ராஜாக்கள் எல்லாம் பவேரியா முதல்வர் எட்மண்ட் ஷ்டொய்பர் பக்கம். ஜனவரி 11 மாக்டபர்க்ல கட்சித் தலைமைக் கூட்டம் ஆரம்பம், அங்க வச்சு அந்தம்மாவை வரிசையா எழுந்து கழுத்தறுக்கிறதா பிளான், விஷயம் காதுக்கு எட்டிடுச்சு. தோத்தா வேட்பாளர் பதவி மட்டும் இல்ல, தலைவர் பதவியும் அன்னிக்கே போயிரும். என்ன பண்ணாங்கன்னா, அன்னிக்குக் காலையில நேரா பவேரியாவுக்குப் போய் வொல்ஃப்ராட்ஸ்ஹவுசன்ல ஷ்டொய்பர் வீட்டுக் கதவைத் தட்டி, டிஃபன் டேபிள்ல உக்காந்து, நீங்களே நில்லுங்கன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் மாக்டபர்க் போனப்போ கத்தியைத் தீட்டி வச்சிருந்தவனுக்கு எல்லாம் குத்த ஆளில்ல. சும்மா விட்டுக் குடுக்கல, தேர்தல் முடிஞ்சதும் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு உங்க ஆதரவு எனக்குங்கிற புரிதலோடதான் அந்த டேபிள்லேர்ந்து எழுந்தாங்க. மெர்க்கல் வாழ்க்கையில ஒரே ஒரு காட்சியைக் காட்டுன்னா நான் கட்டுரையை விட இந்த டிஃபனைத்தான் காட்டுவேன்.

செப்டம்பர் 22, ரெண்டு பக்கமும் 38.5 சதவீதம். கிழக்குல எல்ப நதி வெள்ளம், ஈராக் போருக்கு ஷ்ரோடர் சொன்ன மறுப்பு, ரெண்டும் சேர்ந்து அவரைக் காப்பாத்திடுச்சு, ரெண்டு கட்சிக்கும் நடுவுல வித்தியாசம் சுமார் 6,000 ஓட்டு, அதுவும் நாடு முழுக்க. ஷ்டொய்பர் ராத்திரி ஜெயிச்சிட்டோம்னு மேடையில சொல்லிட்டு விடிஞ்சா தோத்திருந்தாரு. ரெண்டே நாள்ல மெர்க்கல் நாடாளுமன்றக் கட்சித் தலைவர், அதாவது எதிர்க்கட்சித் தலைவர். மெர்ஸ் கடுப்பாகி துணைப் பதவியில கொஞ்ச நாள் இருந்து 2004ல அதையும் விட்டாரு. தோத்த தேர்தல்ல இந்தம்மா மட்டும் ஜெயிச்சாங்க, ஏன்னா நிக்கவே இல்லையே. ஒருவேளை 2002ல அடம்பிடிச்சு நின்னு தோத்திருந்தா மெர்க்கல்ங்கிற பேரே இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

2004ல குடியரசுத் தலைவர் தேர்தல், ஷாய்ப்ளவுக்கு அந்த ஆசை. மெர்க்கல் எஃப்டிபிங்கிற சின்ன தாராளவாதக் கட்சியோட தலைவர் வெஸ்டர்வெல்லே வீட்ல உக்காந்து பேசி ஐஎம்எஃப்ல இருந்த ஹோர்ஸ்ட் கோலரைக் கொண்டு வந்தாங்க, நாட்டுல பாதிப் பேரு யாருப்பா இவருன்னு கேட்டாங்க. ஷாய்ப்ளவுக்கு ரெண்டாவது தடவை ஆப்பு. பெரிய மனுஷன், பின்னாடி இவங்க அமைச்சரவையிலேயே வருஷக்கணக்கா இருந்தாரு.

2005 மே 22. நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துல எஸ்பிடி 39 வருஷமா வச்சிருந்த ஆட்சி போச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஷ்ரோடர் தேர்தலை ஒரு வருஷம் முன்னாடி வச்சுக்கலாம்னு அறிவிக்கிறாரு. அவரு கணக்கு எதிர்க்கட்சியை அசந்த நேரத்துல அடிக்கிறது, நடந்தது என்னன்னா கோஹ், வுல்ஃப் எல்லாம் 2006க்குக் காத்திருந்தவங்க, காய் நகர்த்த டைமே இல்லாம போச்சு. எட்டு நாள்ல, மே 30, மெர்க்கல் வேட்பாளர். எதிர்த்து யாரும் வாய் திறக்கல.

பிரச்சாரம் படு மோசம், இதை அவங்க ரசிகர்களும் ஒத்துக்குவாங்க. ஆரம்பத்துல கருத்துக்கணிப்புல 45 சதவீதத்துக்கு மேல. பொருள் மேல போடுற வரியை 16லேர்ந்து 18 ஆக்குவோம்னு தேர்தலுக்கு முன்னாடியே சொன்னாங்க, எந்த ஊர்ல இதைச் சொல்லி ஓட்டு கேப்பாங்க? பத்தாததுக்கு பால் கிர்ஷோஃப்னு ஹைடல்பர்க் பேராசிரியரை நிதிக்குக் கொண்டு வந்தாங்க, அவரு எல்லாருக்கும் ஒரே 25 சதவீத வருமான வரின்னாரு, கம்பெனி முதலாளிக்கும் நைட் டியூட்டி நர்ஸுக்கும் ஒரே வரியான்னு ஷ்ரோடர் மேடைக்கு மேடை பிடிச்சுக்கிட்டாரு, "ஹைடல்பர்க் ப்ரொஃபசர்"னு சொன்னாலே கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சுது. செப்டம்பர் 18 ரிசல்ட்: 35.2க்கு 34.2. சீட் கணக்குல 226க்கு 222. கூட நிக்க வேண்டிய எஃப்டிபியைச் சேர்த்தாலும் மெஜாரிட்டி இல்ல. ஜெயிச்சும் தோத்த ராத்திரி, மறுநாள் காலையில கட்சிக்காரங்களே இவங்களை முடிச்சிருப்பாங்க.

காப்பாத்தினது யாரு தெரியுமா, ஷ்ரோடர். அன்னிக்கு ராத்திரி எல்லாத் தலைவர்களும் உக்கார்ற டிவி விவாதம். மெர்க்கல் முகம் செத்துப் போய் உக்காந்திருக்காங்க. ஷ்ரோடர் ஜெயிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டு, பேட்டி எடுக்கிறவங்களை வம்புக்கு இழுத்து, மெர்க்கல் சான்சலர் ஆகணும்ங்கிற பேச்சுக்கு என் கட்சி ஒத்து வரும்னு நிஜமாவே நம்புறீங்களா, நடக்காதுன்னு எகிறினாரு. நாடே அதிர்ந்து போய் பாத்துச்சு. அந்தம்மா திருப்பிக் கத்தல, நீங்க இன்னிக்கு ஜெயிக்கல, அவ்வளவுதான்ங்கிற அர்த்தத்துல ரெண்டு வரி சொன்னாங்க. அதோட சிடியுவுல கத்தியை உறையில போட்டுட்டாங்க, எதிரி இப்படி அவமானப்படுத்துறப்போ நம்மாளை நாமே வெட்ட முடியுமா? ரெண்டு நாள் கழிச்சு நாடாளுமன்றக் கட்சித் தலைவர் ஓட்டெடுப்பை வச்சாங்க, 98 சதவீதத்துக்கு மேல.

அப்புறம் மூணு வாரம் இழுபறி, அக்டோபர் 10 முடிவு: மெர்க்கல் சான்சலர், எஸ்பிடியோட பெரிய கூட்டணி, எஸ்பிடிக்கு 8 அமைச்சகம். முக்கியமான இலாகா பாதி எதிராளிக்குப் போயிடுச்சுன்னு கட்சியில புலம்பல், ஆனா முதல் நாற்காலி கைக்கு வந்துருச்சு. பொருளாதார அமைச்சரா வர வேண்டிய ஷ்டொய்பர் கடைசி நேரத்துல பெர்லின் வேணாம்னு மியூனிக்குக்கே திரும்பி ஓடினாரு. நவம்பர் 22 நாடாளுமன்றத்துல 397 ஓட்டு. கூட்டணிக்கு மொத்தம் 448 பேரு இருந்தாங்க, அம்பதுக்கு மேல காணோம், ரகசிய ஓட்டு ஆச்சே. 51 வயசு, முதல் பெண், முதல் கிழக்குக்காரர்.

ஆண்டிஸ் சங்கத்துக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. வுல்ஃப் 2010ல குடியரசுத் தலைவர் ஆனாரு, அதாவது போட்டியிலேர்ந்து வெளிய, ரெண்டு வருஷத்துல அதுவும் சர்ச்சையில போச்சு. ஓட்டிங்கரை ஐரோப்பிய ஆணையத்துக்கு பிரஸ்ஸல்ஸ் அனுப்பியாச்சு. முல்லர் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதியா போனாரு. கோஹ் 2010ல அரசியலே வேணாம்னு கம்பெனி வேலைக்குப் போனாரு. மெர்ஸ் 2009ல நாடாளுமன்றத்தை விட்டு வெளிய போய், 2018ல மெர்க்கல் கட்சித் தலைமையை விட்டப்புறம்தான் திரும்பி வந்தாரு, ரெண்டு தடவை தலைவர் தேர்தல்ல தோத்து மூணாவது தடவை ஜெயிச்சு, 2025 மே 6 அன்னிக்கு சான்சலர் ஆனாரு, அதுவும் முதல் சுத்துல ஓட்டு பத்தாம ரெண்டாவது சுத்துல, 69 வயசுல. இதுல யாரையும் மெர்க்கல் நேரா மேடையில மோதி வீழ்த்தலங்கிறதைக் கவனிங்க, சில பேருக்குப் பெரிய பதவி குடுத்தே அனுப்பினாங்க.

சான்சலர் ஆனப்புறம் 16 வருஷம், யூரோ நெருக்கடி, 2015 அகதிகள், ரஷ்யா கேஸ் பைப்லைன், அதெல்லாம் தனிக் கதை, அதுல எனக்கு அவங்க மேல நிறைய விமர்சனமும் உண்டு. கேட்டது எப்படி வந்தாங்கன்னு, அதுக்கு இது போதும்.